மதினியின் கணக்கில் பூ என்றொரு தலைப்பு

மதினி,

இன்று காலை உங்கள் மகள் என் போனில் ஒரு வரவு செலவுச் செயலியை ஏற்றினாள். தேர் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். வந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள், அது உங்களிடமிருந்து வந்தது. "அத்தை, இனிமே நீங்க ஒண்ணுமே எழுத வேண்டாம். பேங்க்ல இருந்து வர்ற மெசேஜை எல்லாம் இதுவே படிச்சிரும். மாசக் கடைசியில எதுக்கு எவ்வளவு போச்சுன்னு படம் போட்டுக் காமிக்கும்" என்றாள். போன் உடனே என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. உங்கள் குறுஞ்செய்திகள் அனைத்தையும் படிக்க அனுமதிக்கிறீர்களா? சம்மதம் என்கிற பொத்தான் பச்சை நிறத்தில் பெரிதாக இருந்தது. வேண்டாம் என்பது சாம்பல் நிறத்தில் மூலையில் ஒதுங்கி, யாரும் தன்னைத் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல இருந்தது.

அந்த நேரத்தில் எனக்குக் காராச்சேவு வாசம் வந்தது. வீட்டில் காராச்சேவும் இல்லை, பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியும் இல்லை. மிளகும் பூண்டும் எண்ணெய் ஊறிய தாளும் கலந்த வாசம் அது. இத்தனை வருடமாக, யாராவது என் கணக்கைப் பார்க்கக் கேட்டால் அந்த வாசம் எனக்கு வந்துவிடுகிறது. சாம்பல் பொத்தானை அழுத்தினேன். "ஏன் அத்தை?" என்றாள். "உங்க அம்மாவைக் கேளு" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. நீங்கள் வந்து பதில் சொல்லப்போவதில்லை என்பதால் நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவளும் இதைப் படிப்பாள், படிக்கட்டும்.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தீர்கள். என்னைவிட ஒரு வயது இளையவர், ஆனால் அண்ணன் பெண்டாட்டி, முறையில் மூத்தவர். நான் உங்களை 'வாங்க மதினி, போங்க மதினி' என்பேன். நீங்கள் என்னை ஏட்டி என்று கூப்பிடக் கொஞ்ச நாள் கூச்சப்பட்டீர்கள். அந்தக் கூச்சம் ஒரு நாள் போனது, போனதுதான், திரும்பி வரவேயில்லை. எனக்கு ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று வந்த வரன்கள் எல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நம் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். அண்ணன் ராணுவத்தில் இருந்தார். லீவில் வருவார், வீடு பூ வாசமும் கறி வாசமுமாக இருக்கும், போய்விடுவார். ஒரு தடவை போனவர் வரவில்லை. மலைப்பாதையில் வண்டி உருண்டுவிட்டது என்றார்கள். ஒரு டிரங்குப் பெட்டியும் பென்சனும் வந்தன. உங்கள் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

உங்கள் தலையிலிருந்து பூவை எடுத்தார்கள். நெற்றியை அழித்தார்கள். பிறகு உங்கள் பணத்துக்கு வந்தார்கள்.

வந்தவர் வேறு யாருமில்லை, எங்கள் சித்தப்பா. உங்களுக்குச் சின்ன மாமா. அப்பா இறந்த பிறகு எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் எல்லாம். கூமாப்பட்டி வயலை அவர்தான் பார்த்தார், நம் பங்கு நெல்லை வருடாவருடம் வண்டியில் ஏற்றி அனுப்பினார். கெட்டவர் என்று சொன்னால் எனக்கே ஒப்பாது. நாலு பேருக்கு நல்லது செய்பவர்தான். ஆனால் அந்த நாலு பேரும் அவரைக் கேட்டுத்தான் மூச்சு விட வேண்டும்.

நீங்கள் அதற்குள் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தீர்கள். தினமும் காலை பஸ், சாயங்காலம் பஸ். கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்ததும் உங்களை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் டைப்ரைட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். சித்தப்பா அதைக் கவனித்திருக்கிறார். நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதித் தா என்று கேட்டிருந்தால் நீங்கள் முறைத்திருப்பீர்கள். அவர் கேட்டது வேறு மாதிரி.

"தாயி, பென்சனும் சம்பளமும் ஒரு கையில வந்து ஒரு கையில போகுது. ஒரு ஒழுங்கு வேண்டாமா? நம்ம மாப்பிள்ளை ராசபாளையத்துல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காருல்லா, அங்க குடும்பக் கணக்குக்குன்னே ஒரு ப்ரோகிராம் வாங்கிப் போட்டிருக்காரு. நீ செலவுச் சீட்டைக் குடுத்துரு. மாசம் பொறந்தா பிரிண்டு வந்துரும்."

நீங்கள் சரி என்றுவிட்டீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன மதினி, இம்புட்டு லேசா ஒத்துக்கிட்டிய?" என்றேன். "மனுசங்க பாத்தாத்தான் ஏட்டி ஓரவஞ்சனை. மிஷினுக்கு என்ன? போட்டதைக் கூட்டும், கூட்டுனதைக் காட்டும்" என்றீர்கள். மதினி, உங்கள் வாழ்நாளில் நீங்கள் செய்த பெரிய தப்பு அது என்று இப்போதும் சொல்வேன். மிஷினுக்கு ஒன்றுமில்லைதான். அது யார் வீட்டு மேஜையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

பிரிண்ட் முதலில் சித்தப்பா வீட்டுக்குப் போகும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துப் பச்சை மையில் டிக் போட்டு, பிறகு நமக்குக் கொடுத்து அனுப்புவார். மளிகை, பால், மண்ணெண்ணெய், பள்ளிக்கூடம், பஸ். எல்லாம் இங்கிலீஷில். அதில் 'ஃபிளவர்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். சாமி படத்துக்கு என்று நினைத்து அதற்கும் டிக் போட்டுவிடுவார்.

அது சாமி படத்துக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கி, டிபன் டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவருவீர்கள். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வைத்துக்கொள்வீர்கள். மதியம் வரைக்கும் வீட்டுக்குள் அந்தப் பூவோடு நடப்பீர்கள், சோறு வடிப்பீர்கள், பிள்ளைக்குப் பேன் பார்ப்பீர்கள். அப்புறம் எடுத்துவிடுவீர்கள். அவ்வளவுதான் விஷயம். "இதைப் போய் எதுக்குச் சீட்டுல எழுதுதிய மதினி?" என்று கேட்டேன். "செலவழிச்சதை எழுதாட்டா அது என்ன கணக்கு? நான் என்ன திருடியா வாங்குனேன்?" என்றீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் பள்ளிக்கூட ஆபீஸுக்கு டிராயிங் சார் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்தார். பொட்டலம் பிரிந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள். தின்றுகொண்டே அவர் வேடிக்கையாக வாசிக்க ஆரம்பித்தார். "மில்க்... கெரசின்... பஸ் ஃபேர்... ஃபிளவர்ஸ்... பரவாயில்லையே, நல்ல குடும்பமா இருக்கே" என்றவர், தாளின் தலைமாட்டைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தினார். தாளை என் பக்கம் தள்ளினார். உங்கள் பெயர், அண்ணன் பெயர், நம் வீட்டு விலாசம். எண்ணெய் ஊறி, திருப்பிப் பார்த்தாலும் தெரிந்தது.

சென்டரில் ரிப்பன் மங்கிச் சரியாக விழாத பிரிண்டுகளை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கினவன் நம் ஊர்க் காராச்சேவுக் கடையில் விற்றிருக்கிறான். நான் அந்தக் கடைக்கு ஓடினேன். "தாளு மட்டும் எப்படிம்மா குடுக்க? நான் என்ன பேப்பர் கடையா வச்சிருக்கேன்?" என்றார் கடைக்காரர். உங்கள் பெயர் போட்ட தாள் எத்தனை இருக்கிறதோ அத்தனையிலும் காராச்சேவு கட்டித் தாருங்கள் என்று சொல்லி, பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் பையைப் பார்த்துவிட்டு, தாளைப் பார்த்துவிட்டு, ஒரு காராச்சேவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். "உப்புக் கூடிப்போச்சு" என்றீர்கள். பிறகு அடுப்படிக்குள் போய் அழுதீர்கள். அந்த வாரம் முழுக்க நம் வீட்டில் காலையும் மாலையும் காராச்சேவுதான்.

ஆனால் எனக்கு முன்னால் எத்தனையோ பொட்டலம் போய்விட்டிருந்தது. தெருவில் உங்கள் மண்ணெண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை, பாலைப் பற்றிப் பேசவில்லை. புருஷன் இல்லாத வீட்டில் யாருக்குப் பூ என்றுதான் பேசினார்கள்.

சித்தப்பா வந்தார். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பூ யாருக்கு?"

"எனக்குத்தான் மாமா."

"சாமிக்குன்னு சொல்லிரேன். நானும் நாலு பேருகிட்ட அப்படியே சொல்லிட்டுப் போயிருதேன்."

"மாலையைத் தலையில வச்சுப் பாத்துட்டுக் குடுத்தாலும் சாமி வாங்கிக்கிடும்னு சொல்லுத ஊருல்லா மாமா இது. அந்தச் சாமிக்கே ஆகுது. உங்களுக்கு ஏன் ஆகல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அடுத்த மாதப் பிரிண்ட் வந்தது. அதில் ஃபிளவர்ஸ் என்கிற வரியே இல்லை. பூவுக்குச் செலவான காசு பூஜைக் கணக்கில் ஏறியிருந்தது.

ஊர் பேசியபோதுகூட உங்களுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அந்தத் தாளை என் முன்னால் விரித்துப் போட்டீர்கள். "பேசுனா பேசிட்டுப் போறாக. இது என்ன ஏட்டி? நான் பூ வாங்கவே இல்லைன்னுல்லா எழுதியிருக்கு? என் கணக்குல என் செலவை அழிக்க இவுக யாரு?"

மறுநாள் இரண்டு பேரும் சென்டருக்குப் போனோம். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "தலைப்பை மாத்தணும்னா ஓனருக்குத்தான் மேடம் பாஸ்வேர்டு தெரியும். ப்ரோகிராம் லாக்கு போட்டது" என்றாள். அப்படியானால் இதுவரைக்கும் போட்ட என் கணக்கை ஒரு பிளாப்பி டிஸ்க்கில் கொடுத்துவிடு, நான் போகிறேன் என்றீர்கள். "எங்க மிஷின்ல உள்ளதை எப்படி மேடம் வெளியில குடுக்க?" என்றாள். சீட்டு உங்களுடையது, செலவு உங்களுடையது, பென்சனை விட்டுவிட்டுச் செத்தது உங்கள் புருஷன். கணக்கு மட்டும் அவர்களுடையதாம். படியிறங்கும்போது நீங்கள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது.

உங்கள் கம்பெனியில் புது கம்ப்யூட்டர்கள் வந்து, முதலில் வாங்கிய பழசு ஒன்று மூலையில் கிடந்தது. அதை விலைக்குக் கேட்டீர்கள். மானேஜர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "இது எதுக்கும்மா உனக்கு, சோறா பொங்கும்?" என்று சிரித்தவர், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தீஸ்கோம்மா, எடுத்துக்கோ" என்று ஒரு விலை சொல்லி, அதையும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அலுங்காமல் இருக்கட்டும் என்று கழிவுப் பேண்டேஜ் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு ஆச்சி யாருக்கோ விபத்து என்று பதறி ஓடிவந்து, உள்ளே டி.வி. பெட்டியைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனாள்.

மிஷின் வந்துவிட்டது, ப்ரோகிராம் வேண்டுமே. சென்டரில் இருந்த அதே ப்ரோகிராமைத் திருட்டுத்தனமாகப் பூட்டு உடைத்து இனாமாகத் தருகிறேன் என்று உங்கள் ஆபீஸில் ஒருவர் சொன்னார். நான் வாங்கிவிடலாம் என்றேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல? நாளைக்கு அதுல ஒரு தலைப்பு வேணும்னா பொறவும் எவன்கிட்டயாவது போயி நிக்கணும். அது இனாமா வந்தா என்ன, காசுக்கு வந்தா என்ன?" என்றீர்கள்.

ராஜபாளையத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையைக் கண்டெடுத்து வந்தீர்கள். வீட்டு வரவு செலவுக்கான ப்ரோகிராம் முழுவதும் அதில் வரிக்கு வரி அச்சாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று கடைசியில் போட்டிருந்தது. அந்த வரியை நீங்கள் என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னீர்கள். "பாத்தியா ஏட்டி, எழுதுனவன் மனுசன்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. நான் வாசிப்பேன், நீங்கள் அடிப்பீர்கள். எழுத்துக்குப் பின்னால் டாலர் குறி வரும், நான் ஏ டாலர், பி டாலர் என்று உரக்கச் சொல்வேன். ராணுவத்தில் இப்போது டாலராகவா பென்சன் தருகிறார்கள் என்று தெருவில் ஒருத்தி சித்தியிடம் கேட்டிருக்கிறாள். அடித்து முடித்து ஓடவிட்டால், கூட்டல் தப்பாக வந்தது. இரண்டு ஞாயிறு மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் ஒரு சைபர் வர வேண்டிய இடத்தில் 'ஓ' எழுத்தை அடித்திருந்தோம் என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். எனக்கு எரிச்சல். உங்களுக்கோ அவ்வளவு சந்தோஷம். "தப்பு எங்க இருக்குன்னு நம்மளே பாத்துட்டம்லா!" என்று பிள்ளையைத் தூக்கிச் சுற்றினீர்கள்.

அப்புறம் தலைப்புகளை அடித்தீர்கள். அந்த மிஷினில் தமிழ் வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை எழுத வேண்டும். முதல் தலைப்பாக என்ன போட்டீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மளிகைக்கு முன்னால், பாலுக்கு முன்னால் பூ.

சென்டருக்குச் சீட்டுப் போகவில்லை என்றதும் சித்தப்பா மறுபடி வந்தார். இந்தத் தடவை துணைக்கு இரண்டு பங்காளிகள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். உங்கள் தலையில் பூ இருந்தது. நான் பதறி, "எடுத்துருங்க மதினி" என்றேன். உங்கள் கை தலைக்குப் போனது. போய், பூவை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொருகிவிட்டு வந்தது. அப்படியே போய்க் கதவைத் திறந்தீர்கள்.

பங்காளிகள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சித்தப்பா மட்டும் பேசினார்.

"வீட்டுலயே மிஷின் வச்சிருக்கியாமே. நல்லதுதான். அந்தப் பிளாப்பியைக் குடு, மாப்பிள்ளை சென்டர்ல போட்டுப் பாத்துக்கிடட்டும். பென்சன் புக்கும் என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

நீங்கள் உள்ளே போய் ஒரு பிளாப்பியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தீர்கள். பறித்துவிட நான் கையை நீட்டிவிட்டேன்.

"இதுல ப்ரோகிராம் மட்டும் இருக்கு மாமா. நானும் இவளும் அடிச்சது. உள்ள திறந்து பாக்கலாம், வேண்டியதை மாத்திக்கிடலாம். உங்க குத்தகைக் கணக்கை இதுல போடுங்க, காசு வேண்டாம். ப்ரோகிராமை யாரு கேட்டாலும் தாரேன். கணக்கை யாரு கேட்டாலும் தரமாட்டேன். பென்சன் புக்கும் அப்படித்தான்."

"அப்ப கூமாப்பட்டி நெல்லு வராது, பாத்துக்கோ."

"வராண்டாம் மாமா."

அவர் பிளாப்பியை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் நீங்கள் மிஷினைப் போட்டு 'அரிசி' என்று ஒரு புதுத் தலைப்பை அடித்துவிட்டீர்கள். அதுவரைக்கும் நமக்கு அந்தத் தலைப்புத் தேவைப்பட்டதே இல்லை.

அந்த வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. கடை அரிசி வாங்கினோம். மிஷினுக்குச் சம்பளத்தில் பிடித்தது போக வந்தது கொஞ்சம்தான். விசேஷ வீடுகளில் நமக்குச் சொல்லி அனுப்புவது நின்றுபோனது. ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "தப்புப் பண்ணிட்டேனோ ஏட்டி? பிள்ளைக்காகவாவது பொறுத்துப் போயிருக்கணுமோ?" என்றீர்கள். உங்கள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "பிள்ளைக்காகத்தான் பொறுக்கக் கூடாது" என்று கத்தினேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு என் முறத்திலிருந்து பாதி அரிசியை உங்கள் முறத்துக்குத் தள்ளிக்கொண்டீர்கள். அதற்குமேல் அந்தப் பேச்சை நாம் எடுக்கவேயில்லை.

சித்தப்பா விட்டுவிட்டுப் போன பிளாப்பி வீணாகவில்லை. வளையல் கடை பாய் கடையில் பில் போடக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அவர் சம்சாரம் வந்து, "அக்கா, நீங்க ஏதோ வீட்டுக் கணக்கு வச்சிருக்கியளாமே, எனக்கும் ஒண்ணு தாங்களேன்" என்று கேட்டார். கொடுத்தீர்கள். எப்படி மாற்றுவது என்பதையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தீர்கள். கொஞ்ச நாள் கழித்து அவர் பால் பாயசத்தோடு வந்து, தான் புதிதாக ஒரு தலைப்புச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். மாசக் கடைசியில் எதற்கென்று ஞாபகம் வராமல் இடிக்கிற காசை எல்லாம் அவர் 'மறந்தது' என்று ஒரு தலைப்பில் போட்டுவிடுகிறாராம். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அன்றைக்கே நம் மிஷினிலும் மறந்தது ஏறிவிட்டது. நாம் கொடுத்தது மெருகேறி நமக்கே திரும்பி வந்தது. பூட்டு போட்ட ப்ரோகிராமில் பாய் வீட்டு அக்காவின் புத்தி எந்த வழியாக உள்ளே வந்திருக்கும்?

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருடம் ஆன நேரத்தில் நீங்கள் படுத்தீர்கள். உங்கள் மகள் கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்திருந்தாள், அதைப் பார்த்துவிட்டீர்கள் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டதுகூட, "இந்த மாசக் கணக்கை ஏத்திட்டியா?" என்பதுதான். ஏற்றிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்த மாதம் எனக்கு எதுவும் ஓடவில்லை மதினி.

உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது நான் ஒரு பந்து மல்லிகை வாங்கி வரச் சொன்னேன். சித்தி என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, அறுத்தவளுக்குத் தலையில பூ வைக்கக் கூடாது, தெரியாதா உனக்கு?" என்றாள். கூடி நின்ற பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். "கணக்குல இருக்கு" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. சித்தியின் கையை விலக்கிவிட்டு, உங்கள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, அது மூடுகிற அளவுக்கு வைத்தேன். சித்தப்பா தள்ளாத வயதில் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். சம்மதமா கோபமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இப்போது என் கணக்கு அடுப்படியை ஒட்டின அலமாரியில் ஒரு பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. ப்ரோகிராம் இனாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், எழுதினதை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே ஒரு வரி போகாது. உங்கள் மகளுக்கு இது ஏதோ கிழவியின் பிடிவாதம். "இதுக்கெல்லாம் பேரு இருக்கு அத்தை. ஓப்பன் சோர்ஸ், செல்ஃப் ஹோஸ்டிங். எங்க ஆபீஸ்ல இதைப் பாத்துக்கிடவே தனியா ஆள் வச்சிருக்கோம். நீங்க ஒத்தையில எதுக்குக் கிடந்து அல்லாடுறீங்க?" என்கிறாள். அல்லாடத்தான் செய்கிறேன். கரண்ட் போனால் பயமாக இருக்கிறது. புதுப்பிக்கிற நாளில் ஏதாவது மக்கர் பண்ணும், பாதி நாள் அதோடு சண்டை போடுவேன். நகல் எடுத்து வைக்க மறந்து ஒரு தடவை ஒரு மாதக் கணக்கே போய்விட்டது. போனது என் வீட்டில்தான் போனது, எவன் கடைப் பொட்டலத்திலும் போகவில்லை. "பேரு வைக்கதுக்கு முன்னாலயே உங்க அம்மா பண்ணியாச்சு, போடி" என்றேன்.

இந்த ப்ரோகிராம் வந்தபோது அதில் இருந்த தலைப்புகள் எல்லாம் வேறு யாருடைய வாழ்க்கைக்கோ தைத்த சட்டை. ஜிம், ஹோட்டல், செல்லப்பிராணி. அத்தனையையும் அழித்துவிட்டு என் தலைப்புகளைப் போட்டேன். இப்போது தமிழிலேயே போட முடிகிறது மதினி, உங்களுக்கு அது கிடைக்கவில்லை.

நீங்கள் போன பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னிடம் கணக்குக் கேட்டுவிட்டார்கள். சொந்தக்காரர்கள் உரிமையோடு கேட்டார்கள். பேங்க்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். போன் பச்சைப் பொத்தானைக் காட்டிக் கேட்கிறது. என் காசில் நான் என்ன செய்தேன் என்பதற்கு நான் பெயர் வைப்பேன், வேறு எவரும் வைக்கக் கூடாது. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு இத்தனை காலம் நான் சுமப்பது அதுதான். லேசான சுமை இல்லை. இறக்கி வைக்கவும் மாட்டேன்.

சற்று முன் உங்கள் மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். தலைப்புகளை வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள். மாதாமாதம் அதில் ஒரு தொகை போகிறது. நான் வைத்த பெயரைப் பார்த்தால் எதற்கென்று யாருக்கும் விளங்காது.

"இது என்ன அத்தை?" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டகூடவா?"

"உன்கிட்டகூட."

அவள் விடுவதாக இல்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்க அம்மா இருந்து கேட்டிருந்தா?" என்றாள்.

மதினி, உங்களிடமும் சொல்ல மாட்டேன்.